ஆடி அறுபத்திரண்டு

தென்காசியில் எல்லார் வீட்டிலும் ஆடி கழிந்து ஆவணி பிறந்த அன்றைக்கு, கிணத்து வளவு என்கிற காம்பவுண்டுக்குள் இருந்த நாலு வாடகை வீட்டில் மட்டும் ஆடி முப்பத்திரண்டு பிறந்தது. அதில் யாரும் அதிசயப்படவில்லை. சில வருஷங்களில் ஆடிக்கு முப்பத்திரண்டு நாள் உண்டு என்பது காலண்டர் பார்க்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலையில் மூன்றாம் வீட்டுச் சங்கரவடிவு தாளைக் கிழித்தபோது அடியில் ஆடி முப்பத்துமூன்று என்று இருந்தது. அச்சடித்தவன் தூக்கக் கலக்கத்தில் அடித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, எதிர்த்த பலசரக்குக் கடையில் காட்டலாமே என்று அந்தத் தாளையும் கிழித்து எடுத்துக்கொண்டு வளவின் வாசலைத் தாண்டினாள். தாண்டினதும் தாளில் ஆவணி இரண்டு என்று இருந்தது. உள்ளே வந்தாள், ஆடி முப்பத்துமூன்று. வெளியே போனாள், ஆவணி இரண்டு. மூன்று தடவை போய் வந்த பிறகு, எதையாவது தொலைத்துவிட்டாளா என்று கடைக்காரி கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் சங்கரவடிவு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், ஏனென்றால் அவள் நெஞ்சுக்குள் ஒரு காரணம் குறுகுறுத்தது.

ஆட்கள் குடியிருக்கும்போதே வீட்டை விற்பது ஒன்றும் உலகத்தில் நடக்காத காரியமில்லை. மாட்டைக் கட்டிப்போட்டிருக்கும்போதே தொழுவத்தை விற்பது போலத்தான். மாட்டிடம் கேட்டுவிட்டு யாரும் விற்பதில்லை. வளவின் சொந்தக்காரர் ஆவுடையப்பன் கோயம்புத்தூரோடு போய்விட்டவர். ஆனி மாதக் கடைசியில் தரகர் மூக்காண்டியைக் கூட்டிக்கொண்டு வந்து, அம்பாசமுத்திரத்தில் கேன் தண்ணீர் வியாபாரம் செய்கிற தங்கப்பழத்துக்கு வளவைப் பேசி முடித்துவிட்டதாகவும், எல்லாரும் காலி செய்துகொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். குடியிருந்தவர்கள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா என்று மட்டும் கேட்டார்கள். அந்த நியாயத்தை ஆவுடையப்பனாலும் மறுக்க முடியவில்லை, ஆடியில் பத்திரம் பதிய அவருக்கே மனசு வராது. அதனால் மூக்காண்டி ஒரு தாளில், ஆடி கழிந்து வருகிற ஆவணி மாதத்துக்குள் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறோம் என்று எழுதி, நாலு வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கினார். முப்பது வருஷத் தரகில் அவர் இங்கிலீஷ் தேதி போட்டு ஒரு தாள் எழுதியதில்லை. தமிழ் மாதம் யாரையும் ஏமாற்றாது என்பது அவருடைய கொள்கை.

ஆனால் ஆடி கழியவில்லை. வளவின் சுற்றுச்சுவருக்கு வெளியே சாரல் நின்று, ஆவணி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்க, சுவருக்கு உள்ளே பூந்தூறலாகச் சாரல் விழுந்துகொண்டும், அம்மியைத் தூக்குகிற காற்று சுற்றிக்கொண்டும், கொடியில் போட்ட சேலை மூன்று நாளாகியும் காயாமல் தொங்கிக்கொண்டும் இருந்தது. கிழமை என்னவோ ஒழுங்காக மாறியது, இங்கிலீஷ் தேதியும் மாறியது, தமிழ் மாதம் மட்டும் காலைத் தூக்கிவைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஊர் அதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. குற்றாலத்துக்குப் போகச் சோம்பல்பட்டவர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து வளவுக்குள் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டுப் போனார்கள். ஆடித் தள்ளுபடியில் விற்காத நைட்டிகளை வைத்துக்கொண்டு தவித்த ஒரு ஜவுளிக்கடைக்காரர், வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு மேசையைப் போட்டு மறுபடியும் தள்ளுபடியை ஆரம்பித்தார். பிடிக்காத மாப்பிள்ளை பெண் பார்க்க வருகிறான் என்று தெரிந்தால் பக்கத்துத் தெருப் பெண்கள் ஓடிவந்து கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டார்கள்; ஆடியில் பெண் பார்க்க யார் வருவார்கள். இரண்டாம் வீட்டு ஜெபமணி டெய்லர், தங்களுக்கு ஆடியும் இல்லை ஆவணியும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும் என்று முதலில் சிரித்தார். பிறகு கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆடிக்குள் அளவு கொடுக்க மாட்டோம் என்று பெண்கள் வாசலோடு திரும்பிப் போகவே, தையல் மெஷினைத் தூக்கித் தெருவில் போட்டு ஆவணியில் உட்கார்ந்து தைத்தார். சாப்பிட மட்டும் ஆடிக்குள் வந்து போனார்.

கிராம நிர்வாக அலுவலர் ஒருநாள் வந்து, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்று பார்த்துவிட்டு, உள்ளே மழை, வெளியே வெயில் என்று எழுதிக்கொண்டு போனார். ஆவுடையப்பன் வைத்த வக்கீல், மூக்காண்டி எழுதிய தாளை இரண்டு தரம் படித்தார். ஆடி கழிந்தால்தானே ஆவணி, கழியாத மாதத்துக்கு எந்தக் கோர்ட்டிலும் பரிகாரம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

இது தானாக நடந்தது என்று நம்பத்தான் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. ஆவுடையப்பன் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி வந்து, கடையில் புதுக் காலண்டர் வாங்கி, தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டினார். மாட்டிவிட்டுக் கையை எடுப்பதற்குள் அதில் ஆடி நாற்பது என்று இருந்தது. மந்திரத் தகடு புதைத்திருக்கிறார்களா என்று துவைக்கிற கல்லைப் புரட்டிப் பார்த்தார், கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். முதல் வீட்டுச் சுடலையாண்டி மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர் என்பதால், வயரில் ஏதோ வேலை காட்டியிருக்கிறார் என்று மெயினைக்கூட அணைத்துப் பார்த்தார். இருட்டிலும் ஆடியாகவே இருந்தது.

குடியிருந்தவர்களோ ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். ஆடி நின்றது நல்லதுதான், ஆனால் யார் நிறுத்தியது, நிறுத்தின ஆள் எப்போது கையை எடுப்பான், ஆவுடையப்பன் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் மற்ற மூன்று வீட்டை விட்டுக்கொடுத்துவிடுவானோ என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. நாலாம் வீட்டு வள்ளிமயில் பால் சொசைட்டியிலிருந்து இரண்டு காலி அட்டைப்பெட்டி கொண்டுவந்தாள் என்று சுடலையாண்டி எல்லாரிடமும் சொன்னார். சுடலையாண்டி கயிறு வாங்கினார் என்று வள்ளிமயில் சொன்னாள். அட்டைப்பெட்டியில் பூனை குட்டி போட்டிருந்தது, கயிறு கிணற்று வாளிக்கு வாங்கியது, இருந்தாலும் சொன்ன சந்தேகத்தை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருஷமாகக் கிண்ணத்தில் குழம்பு கொடுத்து வாங்கியவர்கள், கிண்ணத்தை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

எல்லாரிலும் பெரிய சந்தேகக்காரி சங்கரவடிவுதான். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்து, பஸ் டிப்போவில் மெக்கானிக் ஆக்கி, வைகாசிக் கடைசியில் அம்பாசமுத்திரத்துப் பெண் செண்பகாவைக் கட்டிவைத்தவள். ஆனி முழுக்க மருமகள் வீட்டில் இருந்தாள். ஆடி பிறந்ததும், புதுசாகக் கல்யாணமானவர்களைப் பிரித்துவைக்கிற வழக்கப்படி அவளுடைய அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆவணி பிறந்து கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. ஆவணி பிறக்கவில்லை, அதனால் செண்பகாவும் வரவில்லை.

சங்கரவடிவு யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தது இது: இருபத்திரண்டு வருஷமாக எந்த வெளியூர்க்காரனும் ஏறிட்டுப் பார்க்காத இந்த வளவை, வீட்டுக்கு மருமகள் வந்த நாலாம் வாரம் ஒருத்தன் விலை பேச வருகிறான். வருகிறவனும் மருமகளின் ஊர்க்காரன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பெண் வீட்டார் துப்புக் கொடுத்திருக்கிறார்கள், மகனைத் தனியாக அம்பாசமுத்திரத்துக்கு இழுத்துக்கொள்ளத் திட்டம். இப்படி முடிவுகட்டிய பிறகு, மருமகள் வந்த அன்றே அடுப்புக்கு இடப்பக்கம் இருந்த உப்பு ஜாடியை எடுத்து மேல் தட்டில் வைத்ததுகூட அந்தத் திட்டத்தில் ஒரு பாகமாகவே அவளுக்குத் தெரிந்தது. ஆடிக்கு மருமகள் போன மறுநிமிஷமே ஜாடியை இறக்கிப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டாள்.

அவள் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. ஆடிக் கடைசி வெள்ளியன்று, தெருமுனை மாரியம்மன் கோவிலில் கூழ் வாங்க நின்றபோது, ஆத்தா, இந்த ஆடி இப்படியே நிக்கட்டும் என்று வாய்க்குள் வேண்டிக்கொண்டாள். வீட்டுக்காக வேண்டியதாகத்தான் முதலில் தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு மகன் டிப்போவிலிருந்து வந்ததும் பழையபடி அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று, அன்றைக்கு எந்த பஸ் எங்கே நின்றது என்று சொல்லிக்கொண்டே தோசை தின்றது அந்த ஒரு மாதம்தான். வீட்டைவிட அதற்காகத்தான் வேண்டினாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் வெட்கமாக இருந்தது.

இப்போது அந்த மகனும் பேசுவதில்லை. கோமதிநாயகம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்பாசமுத்திரம் போய், மாமனார் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டு வந்தான். ஊரெல்லாம் ஆவணிதானே, பெண்ணை அனுப்பலாமே என்று அவன் கேட்டதற்கு, புருஷன் வீட்டு மாதம்தான் பெண்ணுக்கு மாதம் என்று மாமியார் சொல்லிவிட்டாள். சொன்னதோடு விடாமல், பெண்ணை வாழவைக்க இஷ்டமில்லாமல் சம்பந்தியம்மாள்தான் ஆடியைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் பேச ஆரம்பித்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்தப் பேச்சு தென்காசிக்கும் வந்து சேர்ந்தது. ஆடி அறுபது அன்று கோமதிநாயகம் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினான்.

"யம்மா, ஆவணி இங்க வராட்டி நான் ஆவணிக்குப் போயிருதேன். அம்பாசமுத்திரத்துலயும் டிப்போ இருக்கு."

சங்கரவடிவு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். வீடு போனால் இன்னொரு வீடு பார்க்கலாம், இவன் போனால் என்ன பார்ப்பது என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துச் சாம்பாரில் இரண்டு தரம் புளி கரைத்து ஊற்றிவிட்டாள். சாயங்காலம் கோவிலுக்குப் போய், வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தாள். பூசாரி, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் அம்மனுக்கும் கிடையாது, அம்மனிடத்திலும் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

ஆடி அறுபத்திரண்டு அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, யாருக்கும் சொல்லாமல், செண்பகா ஆட்டோவில் வந்து வளவு வாசலில் இறங்கினாள். ஒரு கையில் பை, ஒரு கையில் குடை. வெயிலுக்குப் பிடித்த குடையை மடக்காமல் அப்படியே சாரலுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி நின்றாள்.

வளவே திரண்டுவிட்டது. ஆடியில் புதுப்பெண் புருஷன் வீட்டு வாசல்படி ஏறினால், ஒன்று பெண் நிற்க முடியாது, இல்லை ஆடி நிற்க முடியாது. இது எல்லாருக்கும் தெரியும். சுடலையாண்டி வாசலில் கைகளை விரித்து நின்றார். வள்ளிமயில், ஏம்மா தாயி, இன்னும் கொஞ்சநாள் பொறுத்தால் என்ன, உன் ஒருத்தி அவசரத்துக்கு நாலு குடும்பம் தெருவுக்கு வரணுமா என்று கேட்டாள். ஜெபமணி தெருவில் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். இத்தனை நாள் பேசிக்கொள்ளாதவர்கள் ஒரே பக்கமாக நிற்பதைப் பார்க்கச் சங்கரவடிவுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அறுபத்திரண்டு நாளாக வைத்திருந்த கேள்வியை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"உள்ள வாரதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிரு. அந்தத் தண்ணி வியாபாரிய இங்க கூட்டிட்டு வந்தது யாரு?"

செண்பகா குடையை மடக்கினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, இவ்வளவு நாள் இதற்காகவா என்கிற ஆச்சரியம்தான் இருந்தது.

"அத்தே, அவிய மறுவீட்டு விருந்துக்கு எங்க ஆளுங்களோட வேன்ல வந்தாவ. சாப்பிட்டுட்டு வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தவியள நீங்கதான கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போனிய. நான் மோர்ச் செம்போட பின்னாலயே நின்னேன். நம்ம வளவுதான், இந்தத் தண்ணி இளநீ மாதிரி, எந்தக் கோடையிலயும் வத்தாதுன்னு சொல்லி, ஒரு வாளி இறைச்சு குடிக்கக் கொடுத்தியல்லா."

சாரல் முகத்தில் அடிக்க அப்படியே நின்றாள் சங்கரவடிவு. எல்லாம் நினைவுக்கு வந்தது. சம்பந்தி வீட்டார் சொந்த வீட்டுக்காரர்கள், முன்கட்டு பின்கட்டோடு மாடி வீடு. அவர்கள் முன்னால் வாடகை வீடு என்று சொல்லக் கூச்சப்பட்டு, பட்டுச்சேலை சரசரக்க முன்னால் நடந்து, துவைக்கிற கல் முதல் முருங்கைமரம் வரை ஒவ்வொன்றாகக் காட்டி, நம்ம வளவு, நம்ம கிணறு என்று சொல்லிக்கொண்டே போனது அவள்தான். அந்த ஆள் இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்தபோது அவளுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்திருப்பாள். சங்கரவடிவு அக்கம்பக்கத்தாரின் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு சுடலையாண்டியின் விரித்த கையைப் பிடித்து, சன்னல் கதவைச் சாத்துகிற மாதிரி மெல்ல மடக்கிவிட்டாள்.

"விடுங்க அண்ணாச்சி. விக்க வச்சதும் நாந்தான், ஆத்தாட்ட ஆடிய நிக்கச் சொல்லிக் கேட்டதும் நாந்தான். இந்தப் பிள்ளை வெளிய நிக்கதுக்கு ஒரு காரணமும் இல்ல. உள்ள வாளா."

செண்பகா வலது காலை வைத்து உள்ளே வந்தாள். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். சாரல் நிற்கவில்லை, காற்றும் நிற்கவில்லை. சங்கரவடிவு சொன்னதை ஒருத்தரும் நம்பவும் இல்லை. ஆத்தாவிடம் நாமும் அன்றைக்கு அதையேதான் கேட்டோம், நம்முடைய வேண்டுதல்தான் பலித்தது என்று வள்ளிமயிலும் சுடலையாண்டியும் தனித்தனியாக நினைத்திருந்தார்கள்; இவள் பெயரைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று புதிதாக ஒரு சந்தேகத்தோடு கலைந்தார்கள். அன்று ராத்திரி நாலு வீட்டிலும் பாத்திரங்களைத் துடைத்துச் சாக்கில் கட்டிவைத்தார்கள், எப்படியும் விடிந்தால் ஆவணிதான்.

விடிந்தபோது வளவுக்குள் வெயில் அடித்தது. ஒரு மாதமாகக் காயாத சேலை காய்ந்து முறுக்கிக்கொண்டு தொங்கியது. சங்கரவடிவு தாளைக் கிழித்தாள். அடியில் புரட்டாசி ஒன்று என்று இருந்தது. வளவுக்குள் ஆடி உட்கார்ந்திருந்த காலத்தில் வெளியே ஆவணி வந்து, இருந்து, போயே போய்விட்டது. மூக்காண்டி தாளில் எழுதிய ஆவணி இந்த நாலு வீட்டுக்கு வரவே இல்லை, புரட்டாசியிலோ யாரும் வீடு மாறுவதில்லை.

ஆனால் மூக்காண்டி பட்டுத் தெளிந்தவர். பத்து மணிக்கெல்லாம் தங்கப்பழத்தைக் கூட்டிக்கொண்டு புதுத் தாளோடு வந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதில் இங்கிலீஷ் தேதி போட்டிருந்தார், அக்டோபர் இருபது. தமிழ் மாதத்தைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. தங்கப்பழம் வாசலில் நின்று, உள்ளேயும் வெளியேயும் ஒரே வெயில்தானா என்று கையை நீட்டிப் பார்த்த பிறகே உள்ளே காலை வைத்தார். தாளைப் பிறகு பார்க்கலாம், முதலில் கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றார்.

சங்கரவடிவு குறுக்கே வந்தாள். எப்படி அந்தச் சொல் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"அண்ணாச்சி, சொல்லாம இருந்தா பாவம். ஆடிக்குப் பொறவு தண்ணி முன்ன மாதிரி இல்ல. உப்புக் கரிக்கு."

தங்கப்பழம் அவளை மேலும் கீழும் பார்த்தார். இளநீர் மாதிரி என்று அன்றைக்கு இதே அம்மாதானே சொன்னது என்று கேட்டுவிட்டு, சரி, ஒரு டம்ளர் கொண்டுவரச் சொல்லுங்கள், குடித்துப் பார்த்தால் போகிறது என்று கல்லில் உட்கார்ந்துகொண்டார். காலையில் குடித்த தண்ணீர் எப்போதும் போல இனித்தது சங்கரவடிவுக்குத் தெரியும். கெட்டிக்காரன் புளுகாவது எட்டு நாள் நிற்கும், தன் புளுகு எட்டு நிமிஷம்கூட நிற்காது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அடுக்களையிலிருந்து செண்பகா எவர்சில்வர் டம்ளரோடு வந்தாள். தலையைக் குனிந்து மரியாதையாகக் கொடுத்தாள்.

"ஆமா சித்தப்பா, நேத்து வந்ததுல இருந்து நானும் பாக்கேன். பருப்புகூட வேகமாட்டேங்கு."

தங்கப்பழம் ஒரு வாய் குடித்தார். குடித்ததை முருங்கைமரத்தடியில் துப்பினார். நாக்கைத் துடைத்துக்கொண்டு கிணற்றையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். தானே ஒரு வாளி இறைத்துத் தருவதாக மூக்காண்டி கயிற்றைப் பிடிக்கப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எழுந்தார் தங்கப்பழம். அறுபத்திரண்டு நாள் ஆடி நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் நிலையாக இருக்கும் என்று நம்பச் சொல்கிறீரா, இன்றைக்கு உப்பு, நாளைக்கு என்னவோ என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டினார். ஆவுடையப்பனிடம் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னது தெருவில் கேட்டது. மூக்காண்டி அக்டோபர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

சங்கரவடிவு அடுக்களைக்குள் போனாள். செண்பகா ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு இடப்பக்கம் உப்பு ஜாடி திறந்து கிடந்தது, பக்கத்தில் ஒரு ஈரக் கரண்டி. சங்கரவடிவு ஜாடியை மூடி, இரண்டு கையாலும் தூக்கி, மேல் தட்டில் மருமகள் வைக்கிற இடத்தில் வைத்தாள்.